விளையாடிய பெண் பயிற்சியாளராகும்போது...

நம் வீட்டுப் பெண் பிள்ளை பள்ளியில் நன்றாக விளையாடுகிறாள் என்று கேள்விப்பட்டால் முதலில் சந்தோஷம் வருகிறது. அடுத்த நொடியே ஒரு கேள்வியும் வருகிறது. “கல்லூரி முடிந்தால் இதெல்லாம் எதற்கு உதவும்? இரண்டு கோப்பையும் நாலு சான்றிதழும் அலமாரியில் இருக்கும், அவ்வளவுதானே?”

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விளையாடும் வயது குறைவு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் கல்லூரி முடிகிறது. அதற்குப் பிறகு சம்பளம் வாங்கி விளையாடும் வாய்ப்பு நூற்றில் ஒருவருக்குக் கூடக் கிடைப்பதில்லை. ஆனால் விளையாட்டில் சேர்த்த அறிவு அந்த வயதில் தீர்ந்துவிடுவதில்லை. அதையே தொழிலாகவும் சேவையாகவும் மாற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு. அதுதான் பயிற்சியாளர் பணி. அதன் முதல் படி துணைப் பயிற்சியாளர். பெண்கள் கூடைப்பந்தை எடுத்துக்காட்டாக வைத்து, இந்தப் பணி என்ன, அதற்கு எப்படி வருகிறார்கள், ஹிஜாப் அணியும் ஒரு பெண்ணுக்கு அதில் என்ன நேர்ந்தது, நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

துணைப் பயிற்சியாளர் செய்யும் வேலை

பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து மிக ஒழுங்காக வளர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அது விளையாட்டுக்கும் பொருந்தியதால், பெண்களுக்கான அணிகளும் உதவித்தொகைகளும் பெருகின. அணிகள் பெருகியதும் பயிற்சியாளர் பணிகளும் பெருகின. இன்று அங்குள்ள முதல் நிலைக் கல்லூரி அணி ஒன்று, ஒரு தலைமைப் பயிற்சியாளரோடு 5 துணைப் பயிற்சியாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். 2023 வரை இந்த எண்ணிக்கை 3-ஆக இருந்தது.

தலைமைப் பயிற்சியாளர் முடிவெடுப்பவர். அந்த முடிவுக்குத் தேவையான அத்தனையையும் தயார் செய்து தருபவர்கள் துணைப் பயிற்சியாளர்கள். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு வேலை. அவர்களில் யார் இடக்கையால் பந்தைக் கொண்டுபோகிறார், யார் தூரத்திலிருந்து எறிவார், கடைசி நிமிடத்தில் பந்து யாரிடம் போகும் என்று குறிப்பெடுத்து, தம் அணிப் பெண்களுக்குப் புரியும்படி சொல்லித்தர வேண்டும். உயரமான வீராங்கனைகளை ஒருவரும், பந்தைக் கடத்திச் செல்பவர்களை இன்னொருவரும் எனப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் பயிற்சி தருவது இன்னொரு வேலை.

ஆட்டம் நடக்கும்போது அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு வீராங்கனை 5 ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும். யாருக்கு எத்தனை ஆயிற்று, எத்தனை டைம்அவுட் மிச்சம், எதிரணி எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் புள்ளி எடுக்கிறது என்பதையெல்லாம் கணக்கு வைக்க வேண்டும்.

களத்துக்கு வெளியே உள்ள வேலை இதைவிடப் பெரிது. புதிய மாணவிகளைத் தேடிப் போய் அவர்களின் பெற்றோரிடம் பேசுவது, சேர்ந்த பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்களா, மதிப்பெண் குறைகிறதா என்று கவனிப்பது, வீட்டை நினைத்து அழும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது எல்லாம் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளர் தலையில்தான் விழும். தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்குவதைப் பிள்ளைகள் இவரிடம்தான் சொல்வார்கள். அண்மையில் தானும் அதே நிலையில் இருந்தவர் என்பதால் அவருக்கு அது புரியும். கல்லூரி அணியில் ஆடிய பெண்களைத் துணைப் பயிற்சியாளராக எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி இந்த இடத்துக்கு வருகிறார்கள்?

வழக்கமான நுழைவாயில் ஒன்று உண்டு. விளையாடி முடித்தவர் முதுகலைப் படிப்பில் சேர்கிறார். அதே பல்கலைக்கழக அணியில் உதவியாளராக வேலை செய்கிறார். அதற்குப் பதிலாகப் படிப்புக் கட்டணத்தில் சலுகையும் சிறு தொகையும் கிடைக்கும். படிப்பு முடியும்போது கையில் பட்டமும் இருக்கும், அனுபவமும் இருக்கும்.

இந்த வழியில் வந்தவர்களில் உலகம் அறிந்த பெயர் பாட் சம்மிட். டென்னசி மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பெண். 1974-ல் முதுகலை படித்துக்கொண்டே டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் உதவியாளராக இருக்கத்தான் அழைக்கப்பட்டார். சீசன் தொடங்குவதற்கு முன் தலைமைப் பயிற்சியாளர் விலகிவிட, 22 வயதில் அந்தப் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது. அணியில் இருந்த சிலர் இவரைவிட ஓரிரு வயதே சிறியவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், அணியின் சீருடைகளை அவரே துவைத்தார். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அதன் பிறகு 38 சீசன்கள் அதே இடத்தில் இருந்து 1,098 ஆட்டங்களில் வென்றார், 8 முறை தேசிய சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்தார். பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். வகுப்பில் முன்வரிசைகளில் உட்கார வேண்டும், காரணமில்லாமல் வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி.

எல்லோரும் தலைமைப் பயிற்சியாளர் ஆகத்தான் வேண்டும் என்பதில்லை. கிறிஸ் டெய்லி என்பவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியின் முன்னாள் தலைவி. 1982-ல் தேசிய பட்டம் வென்ற அணியில் ஆடியவர். 1985-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அப்போது அது யாரும் பெரிதாகப் பேசாத அணி. 40 ஆண்டுகள் கடந்தும் அங்கேயே, தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த இடத்தில் இருக்கிறார். 2025 வரை அந்த அணி 12 தேசிய பட்டங்கள் வென்றிருக்கிறது. இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டே ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தலாம் என்பதற்கு இவர் சான்று.

அதே கனெக்டிகட் அணியில் 1995-ல் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்றபோது ஆடியவர் ஜமெல் எலியட். 1997-ல் அங்கேயே துணைப் பயிற்சியாளரானார். 12 ஆண்டுகள் கழித்து சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பின்னர் தன் பழைய அணிக்கே திரும்பி மீண்டும் துணைப் பயிற்சியாளர் பணியை ஏற்றார். மாணவியாக நுழைந்த இடத்திலேயே ஒரு வாழ்நாள் வேலை அமைந்தது.

ஹிஜாபோடு ஆடிய பில்கீஸ்

இனி நமக்கு நெருக்கமான ஒரு வரலாறு. பில்கீஸ் அப்துல் காதிர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்த முஸ்லிம் பெண். 1891-ல் கூடைப்பந்து விளையாட்டு உருவான ஊரும் அதே ஸ்பிரிங்ஃபீல்டுதான். உயர்நிலைப் பள்ளிக்குப் போன பருவத்திலிருந்து தலையை மறைத்து, கைகால் முழுவதும் மூடிய உடையோடு ஆடத் தொடங்கினார். பார்வையாளர் வரிசையிலிருந்து ஏளனச் சொற்கள் வந்தன. அவர் பதில் சொன்னது பந்தால். பள்ளிக் காலத்தில் மொத்தம் 3,070 புள்ளிகள் எடுத்தார். ஆண், பெண் இரு பாலரிலும் அந்த மாநிலத்தின் சாதனை அது. அதற்கு முன் 2,710 புள்ளிகளோடு அந்தச் சாதனையை வைத்திருந்தவர், பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ரெபெக்கா லோபோ. 2009 ரமலானில் வெள்ளை மாளிகையில் நடந்த இஃப்தாரில் அதிபர் ஒபாமா, பில்கீஸைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

முழு உதவித்தொகையோடு மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டு உட்கார வேண்டியதாயிற்று. திரும்பி வந்து, முதல் நிலைக் கல்லூரிப் போட்டிகளில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் என்ற இடத்தைப் பெற்றார். கடைசி சீசனை 2013-14-ல் இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார்.

அடுத்து வெளிநாட்டு அணியில் சம்பளத்துக்கு ஆடலாம் என்று முயன்றபோதுதான் கதவு அடைபட்டது. உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி, தலையை மூடும் எதையும் அணிந்து ஆடக் கூடாது. பிறருக்கு அடிபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் முன் இருந்தது இரண்டே வழி. ஹிஜாபைக் கழற்றிவிட்டு ஆடலாம், அல்லது சின்ன வயதிலிருந்து கண்ட கனவை விட்டுவிடலாம். அவர் ஹிஜாபை விடவில்லை.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2014-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கத்தார் பெண்கள் அணி ஆடாமல் வெளியேறியது. அதே ஆண்டு சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், நம் இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரும் தலைப்பாகையைக் கழற்றிய பிறகே ஆட முடிந்தது. ஹிஜாப், தலைப்பாகை இரண்டையும் தடுத்தது ஒரே விதிதான்.

பில்கீஸும், போஸ்னியப் பின்னணி கொண்ட இந்திரா கால்யோ, பிரிட்டனில் வாழும் சூடான் வம்சாவளிப் பெண் அஸ்மா எல்பதாவி போன்றோரும் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய ஃபீபா மாநாடு விதியை மாற்றியது. அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதற்குள் பில்கீஸ் கல்லூரி முடித்து மூன்றாண்டு ஆகியிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் ஆகும் காலம் கைநழுவியிருந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மெம்பிஸ் நகரிலுள்ள ஓர் இஸ்லாமியப் பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பாளராகவும் பயிற்சியாளராகவும் பணி செய்தார். பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். தனக்கு மூடப்பட்ட கதவு அடுத்தவளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று உழைத்தார். அவரைப் பற்றி ‘லைஃப் வித்தவுட் பாஸ்கெட்பால்’ என்ற ஆவணப்படமும் வந்திருக்கிறது.

இப்போது உள்ள விதி

பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஃபீபா விதிப்படி இன்று தலையை மறைத்து ஆடலாம். நிபந்தனைகள் இவை: துணி ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஓர் அணியில் அதை அணியும் எல்லோரும் ஒரே நிறம் அணிய வேண்டும். கண், மூக்கு, உதடு எதையும் மறைக்கக் கூடாது. முகத்தையும் கழுத்தையும் சுற்றி ஊசி, கொக்கி போன்றவை இருக்கக் கூடாது. துணியின் எந்த முனையும் வெளியே தொங்கக் கூடாது. அதாவது, தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் ஒட்டிய விளையாட்டு ஹிஜாப் போதும், பின் குத்திய துப்பட்டா கூடாது. கைகளையும் கால்களையும் மூடும் இறுக்கமான உள்ளுடைகளுக்கும் இதே போல நிற விதியோடு அனுமதி உண்டு.

எல்லா நாட்டிலும் நிலை சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. பிரான்சில் உள்நாட்டுக் கூடைப்பந்துப் போட்டிகளில் 2022 முதல் ஹிஜாபுக்குத் தடை இருக்கிறது. அந்நாட்டு இளையோர் அணிக்கு ஆடிய தியாபா கொனாத்தே, அமெரிக்கக் கல்லூரி அணியில் ஹிஜாபோடு ஆடினார். சொந்த நாட்டில் அவரால் அப்படி ஆட முடியவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

நம் பகுதிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகுவதைப் பார்க்கிறோம். காரணம் கேட்டால் பெற்றோர் சொல்வது பெரும்பாலும் ஒன்றே. “சொல்லிக்கொடுப்பவர் ஆண். வயதுக்கு வந்த பிள்ளையை எப்படி அனுப்புவது?” இந்தத் தயக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இது ஒரு வட்டமாகச் சுழல்வதையும் பார்க்க வேண்டும். பெண் பயிற்சியாளர் இல்லாததால் பிள்ளைகள் விளையாடுவதில்லை. பிள்ளைகள் விளையாடாததால் பத்தாண்டு கழித்தும் பெண் பயிற்சியாளர் கிடைப்பதில்லை. இந்த வட்டத்தை உடைக்க, விளையாடிய ஒரு பெண் பயிற்சியாளராகத் திரும்பி வர வேண்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று தேடும் நாம், நம் மகளை மருத்துவம் படிக்க அனுப்புகிறோம் அல்லவா? இதுவும் அது போலத்தான்.

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி நாம் அறிந்ததே. உடலைப் பேணுவது பெண்ணுக்கும் உரியது. உடை, இடம், பயணம் ஆகியவற்றில் மார்க்க வரம்பு பற்றிய கேள்விகள் இருந்தால் உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

படிப்பு வழிகளும் தெளிவாகவே உள்ளன. பட்டப்படிப்பு முடித்து இரண்டு ஆண்டு பி.பி.எட். படித்தால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆகலாம். எம்.பி.எட். படித்துத் தகுதித் தேர்விலும் வென்றால் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. பயிற்சியாளர் பணிக்கென்றே பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் பட்டயப் படிப்பு நடத்துகிறது. என்.ஐ.எஸ். பயிற்சியாளர் என்று ஊரில் சொல்வது அதைப் படித்தவர்களைத்தான். இவற்றில் சேரும்போது, விளையாடிப் பெற்ற சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு. அலமாரியில் இருக்கும் அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

திருமணமும் குழந்தையும் வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்த சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தாயான பிறகும் இந்தியாவுக்காக ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நாற்பது வயதுக்கு மேல் ஓடி ஆடுவது கடினம், ஆனால் சொல்லிக்கொடுப்பதற்கு அது நல்ல வயது. பகுதி நேரமாக, பெண்கள் பள்ளியிலோ பெண்கள் கல்லூரியிலோ மாலை இரண்டு மணி நேரம் என்றும் செய்யக்கூடிய வேலை இது.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நன்றாக விளையாடியவர் எல்லோரும் நன்றாகச் சொல்லித்தருவார் என்பதில்லை. தனக்கு எளிதாக வந்தது மற்றவருக்கு ஏன் வரவில்லை என்று பொறுமையாகப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குப் பழக்கம் இப்போதே தொடங்கலாம். பத்தாம் வகுப்புப் பெண், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்தைத் தட்டக் கற்றுக்கொடுக்கட்டும். ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது புள்ளிக் கணக்கை எழுதட்டும். துணைப் பயிற்சியாளர் பணியின் முதல் பாடங்கள் இவையே.

பெற்றோரும் மூன்று காரியம் செய்யலாம். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மகள் முழுக்கை உடையோடும் ஹிஜாபோடும் ஆட விரும்பினால், சீசன் தொடங்கும் முன்பே அணியின் நிறத்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள், போட்டி அன்று தகராறு வராது. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ கல்லூரிக் காலத்தில் விளையாடி, இப்போது வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருந்தால், வாரத்தில் ஒரு நாள் மஹல்லாப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கேட்டுப் பாருங்கள். பலர் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள்.

பில்கீஸ் போன்ற ஒரு பெண் நம் ஊரில் பிறந்திருந்தால் அவளுக்கு விளையாட இடமும், ஆடி முடித்த பின் நிற்க ஓர் இடமும் நாம் வைத்திருக்கிறோமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டும். நம் பெண் மக்களுக்கு ஆரோக்கியத்தையும் பயனுள்ள கல்வியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.